பந்தயத்தில் முதலில், சாலையில் பிறகு: எட்டாம் தலைமுறை கார்வெட்

அமெரிக்காவில் செவ்ரலே கார்வெட் இசட்06 காரைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு 670 குதிரைத்திறன் கிடைக்கிறது. அதே காரின் பந்தய வடிவமான இசட்06 ஜிடி3.ஆர் களத்தில் இறங்கும்போது அதன் எஞ்சின் தருவது ஏறத்தாழ 500தான். இருந்தும் பந்தயத் தடத்தில் இதன் வேகத்துக்குச் சாலைக் காரால் ஈடுகொடுக்க முடியாது. இது எப்படி என்று கேட்டுக்கொண்டே போனால், எட்டாம் தலைமுறை கார்வெட் ஏன் முந்தைய ஏழு தலைமுறைகளிலிருந்து இவ்வளவு விலகி நிற்கிறது என்பதும் தெளிவாகும்.

1953இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் வெறும் 300 கார்களோடு தொடங்கிய வரிசை இது. அன்று முதல் ஏழாம் தலைமுறை வரை எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால்தான் இருந்தது. அதை அவருடைய முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர். 1954, 1955 ஆண்டுகளில் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தாமே போர்ஷே ஓட்டி, தம் பிரிவில் வென்றவர். 1960இலேயே நடு எஞ்சின் கொண்ட சோதனைக் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விற்றுக்கொண்டிருக்கும் காரை எதற்கு மாற்ற வேண்டும், செலவு வேறு ஏறுமே என்று நிர்வாகம் தயங்கியது. ஆர்கஸ்-டன்டோவ் 1975இல் ஓய்வுபெற்று, 1996இல் காலமானார். அவர் கேட்ட கார் 2019 ஜூலை 18 அன்று வெளிவந்தது. அறிமுக விலை 60,000 டாலருக்குள். இத்தாலிய நடு எஞ்சின் கார்களின் விலையை அறிந்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

எஞ்சினை ஏன் பின்னால் தள்ள வேண்டும்? கார் சீறிப் பாயும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது. உந்துவதும் பின் சக்கரங்களே. அவற்றின் மேல் எடை கூடினால் டயர் தரையை இறுகப் பற்றும். ஏழாம் தலைமுறையின் இசட்ஆர்1 காரில் 755 குதிரைத்திறன் இருந்தது. அவ்வளவு சக்தியையும் தரையில் இறக்கப் பின் டயர்கள் திணறின. முன் எஞ்சின் அமைப்பின் எல்லை அங்கே வந்துவிட்டது.

பொதுவாகச் சாலைக் கார் முதலில் வரும். அதைப் பிரித்து மேய்ந்து பந்தயக் கார் செய்வார்கள். இந்தத் தலைமுறையில் இரண்டும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டன. இன்னும் சுவையான செய்தி எஞ்சினில் இருக்கிறது. 2020 ஜனவரியில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் எட்டாம் தலைமுறையின் பந்தயக் காரான சி8.ஆர் இறங்கியபோது, கார்வெட்டின் பழைய இடி முழக்கத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் வேறொரு கீச்சுக் குரலைக் கேட்டார்கள். உள்ளே இருந்தது 5.5 லிட்டர் வி8. அன்று எந்தச் செவ்ரலே சாலைக் காரிலும் அந்த எஞ்சின் கிடையாது. அதன் சாலை வடிவத்தைச் சுமந்த இசட்06 அறிவிக்கப்பட்டது 2021 அக்டோபரில்தான்.

அந்தக் குரலுக்குக் காரணம் கிராங்க்‌ஷாஃப்ட். வழக்கமான அமெரிக்க வி8 எஞ்சினில் பிஸ்டன் தண்டுகள் மாட்டும் முனைகள் 90 பாகை இடைவெளியில் இருக்கும். நேர்ப்பக்கமாகப் பார்த்தால் சிலுவை போலத் தெரியும். அதிர்வைக் குறைக்கக் கனமான எதிர் எடைகள் வேண்டும். புதிய எஞ்சினில் எல்லா முனைகளும் ஒரே தளத்தில், 180 பாகையில் எதிரெதிராக அமைந்தவை. கனம் குறைவு என்பதால் சட்டென்று சுழற்சி ஏறுகிறது. இசட்06இல் நிமிடத்துக்கு 8,600 சுழற்சி வரை போகிறது. அதிர்வு கூடும் என்பது இதற்கான விலை. டர்போ எதுவும் இல்லாமல் 670 குதிரைத்திறன் என்பது உற்பத்திக் கார் வி8 எஞ்சினில் அதுவரை காணாத சாதனை.

சி8.ஆர் 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்காவின் இம்சா தொடரில் தன் பிரிவுப் பட்டத்தை வென்றது. ஆனால் என் மனம் நிற்பது 2023 லீ மானில். தொடக்க மணி நேரங்களிலேயே சஸ்பென்ஷன் பழுதால் 33ஆம் எண் கார் இரண்டு சுற்று பின்தங்கியது. நிக்கி காட்ஸ்பர்க், பென் கீட்டிங், நிகோ வரோனே மூவரும் இரவெல்லாம் ஓட்டி அதை மீட்டு, ஜிடிஇ என்ற பந்தயக் கார் வகையின் அமெச்சூர் பிரிவை வென்றார்கள். ஜிடிஇ கார்கள் லீ மானில் ஓடிய கடைசி ஆண்டும் அதுவே. ஆலை அணிகள் பணத்தைக் கொட்டினால்தான் தாக்குப்பிடிக்கும் என்ற நிலையில் அந்த வகையே கைவிடப்பட்டது.

அதன் இடத்துக்கு வந்தது ஜிடி3. இதில் நிறுவனம் பந்தயக் காரைச் செய்து தனியார் அணிகளுக்கு விற்கும். 2024 டேடோனாவில் இசட்06 ஜிடி3.ஆர் முதன்முதலாக ஓடியது. இதன் அடிச்சட்டகம் சாலைக் கார்வெட் பிறக்கும் கென்டக்கியின் போலிங் கிரீன் ஆலையிலிருந்தே புறப்படுகிறது. மிச்சிகனில் உள்ள பிராட் மில்லர் நிறுவனம் அதைப் பந்தயக் காராக முடிக்கிறது. கிராங்க்‌ஷாஃப்ட், பிஸ்டன் தண்டுகள், சிலிண்டர் தலைகள் எல்லாம் சாலை எஞ்சினில் உள்ளவையே.

இங்கேதான் அந்த 500இன் கணக்கு வருகிறது. ஃபெராரி, போர்ஷே, பிஎம்டபிள்யூ என்று குணம் மாறுபட்ட கார்கள் ஒரே களத்தில் மோத வேண்டும் என்பதால், ஒவ்வொன்றின் எடைக்கும் எஞ்சின் சக்திக்கும் அமைப்பாளர்கள் வரம்பு கட்டுகிறார்கள். அதன்படி எஞ்சினின் சக்தி அடக்கி வைக்கப்படுகிறது. இழந்ததைப் பந்தயக் கார் வேறு வழிகளில் ஈட்டுகிறது: நூற்றுக்கணக்கான கிலோ எடைக் குறைப்பு, கோடுகளற்ற பந்தய டயர், காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்தும் பெரிய பின் இறக்கை. நேர் பாதையில் அல்ல, வளைவுகளில்தான் நேரம் மிச்சமாகிறது.

அதனால்தான் அண்மையில் வந்த 1,064 குதிரைத்திறன் இசட்ஆர்1, 1,250 தொடும் இசட்ஆர்1எக்ஸ் போன்றவற்றின் எண்களைப் பார்த்து நான் மலைத்துப்போவதில்லை. அந்தச் சக்தியில் பாதியைக்கூட ஜிடி3 களம் அனுமதிக்காது. ஆனால் இசட்ஆர்1இன் இரட்டை டர்போ எஞ்சினும் அதே 5.5 லிட்டர் குடும்பத்தில் வந்ததுதான். அதன் மூத்த வடிவம், விற்பனைக்கு வருமுன்பே, டேடோனாவில் 24 மணி நேரம் ஓடிக் காட்டியது.