பின்னால் வருபவர்

தனியே நடப்பவனுக்கு இரண்டு கால்கள் போதும். ஐவர் சேர்ந்து நடப்பதாயின் கால்களிலும் பொறுமையே அதிகம் வேண்டும். இவ்வுண்மையை நான் கற்றுக்கொள்வதற்கு நாற்பத்தோர் ஆண்டுகளும், ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீற்றர் நீளமான ஒரு மலைப்பாதையும் தேவைப்பட்டன.

பேராதனையிற் பயின்றவர் எவரும் ஹந்தானை மலையை மறந்திருக்கமாட்டார். விடுதிச் சாளரத்தைத் திறந்தால் அது நிற்கும். விரிவுரை சலித்துப்போய் வெளியே நோக்கினாலும் அதுவே நிற்கும். 1982 ஆம் ஆண்டில் ஒரு மாலை, மழை விட்டு மலையின் மேல் வெயில் விழுந்த வேளையில், நாங்கள் ஐவர் ஒரு தீர்மானஞ் செய்தோம். இறுதிப் பரீட்சை முடிந்ததும் அம்மலையைக் கடந்து மறுபுறம் இறங்கி, கால் சென்ற வழியே சில நாள் நடப்பது என்பதே அத்தீர்மானம். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் வந்தது. 1983 இன் கலவரம் எங்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்தது. பரீட்சை பின்னொரு காலத்தில் ஒருவாறு முடிந்தது. நடை மட்டும் எஞ்சிக் கிடந்தது.

2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்த எச்சத்தின் ஒரு சிறு பகுதியை நடந்து தீர்த்தோம். அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

பாதை

மலைநாட்டிலே இப்பொழுது ‘பெக்கோ’ என்னும் பெயரில் ஒரு நெடும்பாதை உண்டு. பெக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். இளங்கொழுந்தின் மேற் படர்ந்திருக்கும் வெண்மையான மென்மயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்ததென்பர். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கும் இப்பாதை கொட்டகலை, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து சென்று நுவரெலியாவுக்கு அண்மையில் முடிகிறது. இருபத்திரண்டு கட்டங்கள், மொத்தத் தூரம் 300 கிலோமீற்றருக்கு மேல். உல்லாசப் பயணிகளுக்கெனப் புதிதாக வெட்டப்பட்ட பாதையன்று இது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் சுமை தூக்குவோரும் கொழுந்து பறிப்போரும் நடந்து நடந்து பதித்த தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று தொடுத்து, வழிகாட்டும் குறிகளை நாட்டியிருக்கிறார்கள்.

ஐவரிலும் ஓய்வு பெற்று வீட்டிலிருப்பவன் நானாகையால், ஒழுங்கு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரிய குழுவாயின் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று யாராவது அகப்படுவர். நண்பர் கூட்டத்தில் அவையொன்றுமில்லை. எல்லோரும் ‘உனக்கு எது வசதியோ அதைச் செய்’ என்பர். செய்தபின் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வசதிப்படாது.

முதலில் இருபத்திரண்டு கட்டங்களையும் ஒரே மூச்சில் நடப்பதென்றிருந்தோம். ஒரு வாரத்தில் அது மூன்றாயிற்று. மருத்துவரைக் கண்டு வந்தபின் ஒன்றாயிற்று. ஹந்தானையிலிருந்து கலஹா வரையிலான முதற் கட்டமே போதுமென்று முடிவாகியது. மாதத்தைத் தெரிவதில் மட்டும் கருத்து வேற்றுமை எழவில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் ஓய்ந்திருக்கும் பெப்ரவரியே மலையின் இப்பக்கத்துக்கு ஏற்றது. அட்டையின் தொல்லையும் அப்போது குறைவு.

கனடாவிலிருந்து வரவிருந்த நண்பர் நாற்பது பொருள்களைக் கொண்ட பட்டியலொன்றை அனுப்பினார். மன்னார் நண்பர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, “சோறு இதிலை எத்தினையாவது?” என்று மட்டும் கேட்டார். பருத்தித்துறையிலிருந்து வரும் கணித ஆசிரியர் கணக்கிலே இறங்கினார். நெய்ஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறி 1892 இல் ஒரு விதி வகுத்தார்: மணிக்கு ஐந்து கிலோமீற்றர், அதனோடு ஒவ்வோர் அறுநூறு மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி. பதின்மூன்று கிலோமீற்றரும் முந்நூறு மீற்றர் ஏற்றமுமென்று வைத்துக்கொண்டால் மூன்று மணி ஆறு நிமிடம். “இது இளைஞருக்கு,” என்று எழுதிய அவர், அறுபத்து மூன்று வயதையும் தம் வலது முழங்காலையும் உத்தேசித்து இரண்டாற் பெருக்கி, உணவுக்கு ஒரு மணியும் சேர்த்தார். காலை ஏழுக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டரைக்குள் கலஹா. மாலை மூடுபனிக்கு முன்னர் இறங்கிவிடலாம்.

ஐந்தாமவர் மலைநாட்டு நண்பர். ஓய்வு பெற்ற அதிபர். தோட்டத்து லயமொன்றிலே பிறந்தவர். அவர் மட்டும் நாட்கணக்காய் மறுமொழி தரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். “ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம் போக இப்படியொரு பாதையில்தான் தினமும் நடந்தேன். மழைக்குச் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். அங்கே பொழுதுபோக்குக்காக நடப்பதென்றால் எனக்கு எப்படியோ இருக்கிறது,” என்றார். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாட் கழித்து, “வருகிறேன். உங்களுக்கு வழி தெரியாது,” என்று செய்தி வந்தது.

விதியும் மீறலும்

நான் மூன்று விதிகள் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். மெல்ல நடப்பவர் முன்னே செல்லவேண்டும். பாதை பிரியும் இடந்தோறும், கடைசியில் வருபவர் கண்ணிற் படும்வரை மற்றவர் நிற்கவேண்டும். எவரும் தனியே பின்தங்கலாகாது. ஆசிரியத் தொழிலில் முப்பது வருடம் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்ற அனுபவத்தில் எழுந்தவை அவை. அவற்றை முதலில் மீறியவனும் நானே.

1925 இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அரும்பொருட்காட்சிச்சாலையாக இருக்கிறது. அதன் அருகிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கண்டி நகரம் கீழே வெண்புகையில் மூழ்கிக் கிடந்தது. முதல் இரண்டு மணிநேரம் விதிப்படி நடந்தது. கணித நண்பர் முன்னே சென்றார். நாங்கள் பின்னே, பழைய விரிவுரையாளர்களின் குரல்களைப் போலிசெய்து சிரித்துக்கொண்டே சென்றோம்.

பின்னர் ஏற்றம் வந்தது. கணித நண்பர் ஓரிடத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “நீ முன்னுக்குப் போ; நான் பின்னாலை வாறன்,” என்றார். மலைநாட்டு நண்பர் அவரோடு நின்றுகொண்டார். துணை இருக்கிறதே என்று என் மனம் எனக்கு நியாயஞ் சொல்லிற்று. கனடா நண்பர் அறுபத்து மூன்றிலும் தினந்தோறும் ஓடுபவர். அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். நாற்பதாண்டாய்ப் பார்த்திருந்த மலையின் மறுபுறத்தை முதலிற் காணவேண்டுமென்ற ஆசை என்னையும் உந்திற்று. மன்னார் நண்பரும் நானும் அவர் பின்னே விரைந்தோம்.

மறுபுறம் அழகாகத்தான் இருந்தது. தேயிலைச் சரிவுகள் ஒன்றன்கீழொன்றாய் இறங்கின. இடையிடையே சவுக்கு மரங்கள். அடியிலே தகரக் கூரைகளின் வரிசை. கால் மணி நேரம் நோக்கியிருந்தோம். பின்னே எவரும் வரவில்லை. அரை மணியாயிற்று. கைத்தொலைபேசி அவ்விடத்திற் பயன்படவில்லை. சரிவின் அடியிலிருந்து மூடுபனி மெல்ல ஏறத் தொடங்கியது. நாங்கள் கடந்து வந்த கிளைப்பாதைகளை எண்ணிப் பார்த்தேன்; மூன்று. ஒன்றிலேனும் நாம் நிற்கவில்லை.

அப்போதுதான் நண்பர் கூறிய சொற்கள் எனக்கு உறைத்தன. அவை புதிய சொற்களல்ல. 1983 ஜூலையில் கண்டியில் ஒரு வீட்டின் பின்னறையில் இருவரும் மூன்று நாள் பதுங்கியிருந்தோம். யாழ்ப்பாணம் செல்லும் லொறியொன்றில் ஓரிடம் கிடைத்தது. “நீ முன்னுக்குப் போ, நான் பின்னாலை வாறன்,” என்று அன்றும் அவரே சொன்னார். நான் போனேன். அவர் ஊர் வந்து சேர மூன்று வாரங்கள் சென்றன. அந்த மூன்று வாரங்களும் எவ்வாறு கழிந்தன என்று நான் இதுவரை கேட்டதில்லை. அதன்பின் எத்தனையோ திருமணங்களிலும் மரணவீடுகளிலும் சந்தித்திருக்கிறோம்; கேட்டதில்லை.

கனடா நண்பரை அவ்விடத்திலேயே இருத்திவிட்டு நானும் மன்னார் நண்பரும் திரும்பி இறங்கினோம். ஊன்றுகோல் இரண்டும் மருந்துப் பையும் கனடா நண்பரின் முதுகிலிருந்தன. அவற்றையும் வாங்கிக்கொண்டோம். தேவைப்பட்டவர் பின்னே இருக்க, தேவையான பொருள் முன்னே போயிருந்தது. ஒழுங்கு செய்தவனின் சிறப்பு இதுவென்க.

லயத்து இஸ்தோப்பு

இரண்டாவது கிளைப்பாதையின் கீழே ஒரு லயம் இருந்தது. அதன் இஸ்தோப்பில் கணித நண்பர் காலை நீட்டியபடி அமர்ந்திருந்தார். வயது முதிர்ந்த பெண்ணொருவர் அவர் முழங்காலிலே சூடாக்கிய எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மலைநாட்டு நண்பர் பக்கத்திலிருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அரை மணியாகச் சொல்கிறேன். வேண்டாம், அவன் வருவான் என்று இவர் விடுகிறாரில்லை,” என்றார் மலைநாட்டு நண்பர்.

நான் படியில் அமர்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேறு நாள் வாய்க்காதென்று தோன்றிற்று. “அண்டைக்கு நான் நிண்டிருக்க வேணும்,” என்றேன். எந்நாளென்று அவர் கேட்கவில்லை.

“லொறியிலை இடம் ஒண்டுதானே இருந்தது,” என்றார். சிறிது நேரஞ் சென்று, “ஆனால் பிறகு நீ ஒரு கடிதம் போட்டிருக்கலாம்,” என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்த மூன்று வாரங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார். அது அவருடைய கதையாகையால் இங்கு எழுதமாட்டேன்.

அந்த அம்மையார் எங்களுக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். “பஸ்ஸ வுட்டுட்டீங்களாய்யா?” என்று கேட்டார். “இல்லை, சும்மா நடக்கத்தான் வந்தோம்,” என்றேன். “சும்மா நடக்கவா?” என்று அவர் சிரித்த சிரிப்பில் ஏளனமில்லை, விளங்காமை இருந்தது. “நாப்பது வருசம் கூடையோட ஏறி எறங்கி எங் காலு தேஞ்சு போச்சு. நீங்க காசு செலவழிச்சு வந்து நடக்கிறீங்க,” என்றார். மலைநாட்டு நண்பர் தலைகுனிந்து சிரித்தார். அவர் வரத் தயங்கியதன் பொருள் எனக்கு அங்கேதான் முழுமையாக விளங்கிற்று.

தேத்தண்ணீர் முடியும்வரை அவ்விருவரும் பேசிக்கொண்டிருந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்குக் கப்பலேறிய அண்ணனைப் பற்றி அவர் சொன்னார். அவ்வாறே சென்ற தம் சித்தப்பாவைப் பற்றி நண்பர் சொன்னார். மன்னார் நண்பருக்கும் அங்கு சொல்ல ஒன்றிருந்தது. 19 ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியில் விழுந்தவர் பலர். அவர்களின் நினைவாக 2023 ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 252 கிலோமீற்றர் நடைபவனியொன்று புறப்பட்டது. மன்னார் நண்பர் முதல் நாள் அவர்களோடு நடந்திருக்கிறார். “எங்கட நாட்டு நெடும்பாதை எண்டால் முதலாவது அதுதான். அதிலை வழிகாட்டிக் குறி ஒண்டும் இருக்கேல்லை,” என்றார்.

மீண்டும் நடந்தோம். கணித நண்பர் ஊன்றுகோல் இரண்டையும் ஊன்றி முன்னே சென்றார். மேலே காத்திருந்த கனடா நண்பர், எங்கள் நால்வரையும் ஒருங்கே கண்டதும் எழுந்து நின்று கைதட்டினார். இறக்கம் ஏற்றத்தினும் முழங்காலுக்குக் கொடியது. பத்து நிமிடம் நடப்பதும் ஐந்து நிமிடம் இருப்பதுமாகச் சென்றோம். இரண்டரைக்குச் சேரவேண்டிய கலஹாவை அடைந்தபோது மணி ஐந்தே கால். கடையொன்றில் பாணும் சம்பலும் உண்டோம். மன்னார் நண்பரின் சோற்றுப் பொதி எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

இளைஞரை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், அவர்களுக்குச் சொல்ல எனக்கு மிகச் சிறிதே உண்டு. தூரத்தைக் குறையுங்கள், அதிகாலையிற் புறப்படுங்கள். மருந்துப் பையைக் கடைசியில் வருபவரிடம் கொடுங்கள். ஒழுங்கு செய்தவரே அந்தக் கடைசி ஆளாக இருக்கட்டும். கிளைப்பாதையில் நில்லுங்கள். வழியிலே ஒரு வீட்டில் தேத்தண்ணீர் கிடைக்குமாயின், எதற்காக நடக்கிறோமென்று அவர்களுக்கு விளங்கச் சொல்ல முயலுங்கள். எங்களால் இயலவில்லை.

இரண்டாம் கட்டம் கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்குச் செல்கிறது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. எஞ்சியவை இருபத்தொரு கட்டங்கள். ஆண்டுக்கொன்றாக நடந்தால் முடிக்கும்போது எங்களுக்கு எண்பத்து நான்கு வயதாகும் என்று கணித நண்பர் கணக்கிட்டுக் கூறினார். ஊர் திரும்பி ஒரு வாரத்தின்பின் நான் அவருக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசியில் அன்று; தாளிலே, பேனாவினால். நான்கு பக்கம் வந்தது. தபாலிற் சேர்த்த நான்காம் நாள் அவரிடமிருந்து மறுமொழி வந்தது: “கிடைத்தது. அடுத்த முறை முழங்காலுக்குப் பட்டி வாங்கி வருவேன். நீ பின்னால் வா.”