மாம்பழம் விழுகிறது, கணக்கு புரிகிறது

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு கோடிங் சொல்லித்தர நினைப்பவர்கள் கரும்பலகையில் விதிகளை எழுதிப்போட்டுத் தொடங்க வேண்டாம். ஒரு சின்ன கேமைச் செய்யவிடுங்கள். இதற்கு நல்ல மென்பொருள் ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ண பிளாக்குகளாக இருப்பதை மவுஸால் இழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் போதும். பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது.

மேலிருந்து விழும் மாம்பழத்தைக் கூடையில் பிடிக்கும் கேமை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ராட்ச் திரையின் நடுப்புள்ளி பூஜ்யம். வலது ஓரம் 240, இடது ஓரம் -240. உச்சி 180, அடி -180. பழம் விழ வேண்டுமானால் அதன் உயரத்தைக் குறிக்கும் y மதிப்பைத் திரும்பத் திரும்ப ஐந்தைந்தாகக் குறைக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் மிரட்டிய குறை எண்கள், இங்கே பழம் நிற்கும் இடத்தைச் சொல்லும் விலாசம் ஆகிவிடுகின்றன.

அடுத்து, 'பழம் கூடையைத் தொட்டால் ஒரு புள்ளி கூட்டு' என்று பிள்ளை பிளாக்கைச் சேர்ப்பாள். ஓடவிட்டதும் ஒரே பழத்துக்கு எட்டோ பத்தோ புள்ளி ஏறும்! பாடம் தொடங்கும் இடம் இதுதான். கட்டளைச் சுழல் நொடிக்குச் சுமார் 30 முறை ஓடுகிறது. பழம் கூடையைக் கடந்து முடிக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் 'தொடுகிறதா?' என்று கேட்டு, 'ஆம்' என்றால் ஒன்று கூட்டிவிடுகிறது. கம்ப்யூட்டர் பிழை செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. தொட்ட உடனே பழத்தை உச்சிக்கு அனுப்பு, கிடைமட்ட இடத்தை மட்டும் ஏதாவதோர் எண்ணாக மாற்று என்று இரண்டு பிளாக் சேர்த்தால் சரியாகிவிடும். அதை அவளே கண்டுபிடித்துவிட்டால், சுழல் என்பது என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிழையைத் தேடித் திருத்துவதே கற்றல் என்ற எண்ணம் புதிதல்ல. சீமோர் பாப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1967-லேயே குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஆமையை நடத்திப் படம் வரைவது அதன் புகழ்பெற்ற பயிற்சி. சதுரம் கோணலாக வந்தால் ஆமை எங்கே தவறாகத் திரும்பியது என்று பிள்ளையே தேடிப் பார்க்கலாம். தேர்வுத்தாளில் விழும் சிவப்பு மை இந்த வாய்ப்பைத் தருவதில்லை.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடித்துவைத்த கேமைக் கொடுத்து, பார்த்துச் செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளை திணறும்போது மவுஸைப் பிடுங்காதீர்கள், "பழம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஸ்க்ராட்ச் இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால், இணையம் இல்லாத வகுப்பறையிலும் ஓடும்.