ஆன்டிபாடி குறைந்தால் பாதுகாப்பும் போய்விடுமா?

2021-இல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பலர், பரிசோதனைக் கூடத்துக்குப் போய் ஆன்டிபாடி அளவைப் பார்த்தார்கள். சில மாதங்களில் அந்த எண் இறங்கியதைக் கண்டு பயந்தும் போனார்கள். நோய் எதிர்ப்பின் இன்னொரு படையான டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பற்றி அவர்கள் கையில் இருந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. பயத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

உள்ளே புகுந்த பிறகு

ஆன்டிபாடிகள் ரத்தத்திலும் மூக்குச் சளியிலும் இருந்தபடி, வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அதைப் பிடிப்பவை. நுழைந்துவிட்டால் அவற்றால் எட்ட முடியாது. தொற்றிய செல், தனக்குள் உருவாகும் வைரஸ் புரதத்தின் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளிப்பரப்பில் காட்டும். டி செல்களில் ஒரு வகையான கொல்லி டி செல் அதை இனம்கண்டு அந்தச் செல்லையே அழித்துவிடும். இந்த அடிப்படையை 1970-களில் கான்பெராவில் எலிகளை வைத்துக் கண்டறிந்த பீட்டர் டோஹெர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்னாகல் இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டி செல்கள் தொற்றே வராமல் தடுப்பது அரிது. வந்த தொற்று நுரையீரலைச் சாய்த்துவிடாமல் காப்பதே அவற்றின் பெரும்பணி.

17 ஆண்டு நினைவு

2003-இல் சிங்கப்பூரில் சார்ஸ் பரவியது. அதுவும் ஒரு கொரோனா வைரஸால் வரும் நோய்தான். சார்ஸிலிருந்து மீண்ட 23 பேரின் ரத்தத்தை, 17 ஆண்டுகள் கழித்து அங்குள்ள ட்யூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியின் அன்டோனியோ பெர்டோலெட்டி குழு ஆராய்ந்தது. சார்ஸ் ஆன்டிபாடிகள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மங்கிவிடுபவை. டி செல்களோ அப்படியே காத்திருந்தன. அவை புதிய கொரோனா வைரஸின் உட்புரதமான நியூக்ளியோகேப்சிடையும் அடையாளம் கண்டுகொண்டன. எனக்கு இன்றும் வியப்பு தரும் செய்தி இது.

கொரோனாவின் ஒமைக்ரான் திரிபு வந்தபோதும் இதே கதைதான். வைரஸின் வெளிப்புறத்திலுள்ள ஸ்பைக் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களால் அது ஆன்டிபாடிகளிடமிருந்து பெரிதும் தப்பியது. டி செல்களின் செயல்பாடு மட்டும் 70 முதல் 80 சதவீதம் வரை நிலைத்தது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியது.

ஊசிக்குள் எதை வைப்பது?

நம் ஊரில் போட்ட இரண்டு ஊசிகளையே பாருங்கள். கோவிஷீல்டு, ஸ்பைக் புரதத்தை நம் செல்லுக்குள்ளேயே உண்டாக்கும். அதனால் கொல்லி டி செல்கள் நன்றாகத் தூண்டப்படும். ஆனால் அவற்றுக்குக் காட்டப்படுவது அந்த ஒரே புரதம்தான். கோவேக்சினில் செயலிழந்த முழு வைரஸ் இருப்பதால் நியூக்ளியோகேப்சிடும் உண்டு. ஆனால் இறந்த வைரஸ் செல்லுக்குள் பெருகாது. அதனால் கொல்லி டி செல்கள் எழுவது பொதுவாகக் குறைவு. எளிதில் மாறாத உட்புரதங்களையும் சேர்த்து, அவற்றைச் செல்லுக்குள்ளேயே உருவாக்கும் ஊசிதான் அடுத்து வர வேண்டும் என்பது என் கருத்து.

எச்சரிக்கையும் தேவை. 1960-களில் அமெரிக்காவில் குழந்தைகளின் சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு எதிராகச் சோதித்த ஒரு தடுப்பூசி நேர்மாறாகிப்போனது. ஊசி போட்டபின் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர், இருவர் இறந்தனர். காப்பாற்ற வலுவில்லாத ஆன்டிபாடிகளோடு, மற்ற எதிர்ப்புச் செல்களை வழிநடத்தும் உதவி டி செல்கள் தவறான பாதையில் தூண்டப்பட்டதும் காரணம் எனப் பின்னர் தெரிந்தது.

முதியவர்கள் கவனத்துக்கு

டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகச் சுருங்கும். அதனால் புதிய டி செல்கள் உருவாவது குறையும்; புதிய தொற்றுகளை எதிர்கொள்வது கடினமாகும். அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆன்டிபாடி எண்ணைத் தேடி அலைய வேண்டாம். அதற்குப் பதில், இந்த ஆண்டுக்கான இன்ஃபுளுயன்சா ஊசி உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.