தங்கம் வாங்கித் தந்த கோல்கீப்பரை ஏன் ஒதுக்கினாங்க?

32 வருஷமா இந்தியா கைக்கு வராத ஆசிய விளையாட்டு ஹாக்கித் தங்கத்தை ஒரு கோல்கீப்பர் வாங்கித் தர்றார். அடுத்த தொடருக்கு அணிப் பட்டியல் வருது. அதுல அவர் பேரே இல்ல. என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

1998 டிசம்பர், பாங்காக். ஹாக்கி இறுதிப் போட்டி. இந்தியாவும் தென் கொரியாவும் 1-1. ஆட்டம் பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போகுது. இன்னைக்கு இருக்கிற ஷூட்-அவுட் வேற. ஷூட்-அவுட்ல அடிக்கிறவர் 23 மீட்டர் கோட்டுல இருந்து பந்தைத் தள்ளிக்கிட்டு வரணும், 8 செகண்டுதான் நேரம். கீப்பரும் முன்னால ஓடி வந்து மறிக்கலாம். அப்போ அந்த வசதியெல்லாம் கிடையாது. கோலுக்கு நேரா 6.4 மீட்டர் தூரத்துல பந்தை வைப்பாங்க. கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அடிக்கிற வரைக்கும் கீப்பர் காலை நகர்த்தக் கூடாது. கால்ல பேடு, கையில கனமான கிளவுஸ், தலையில ஹெல்மெட், இத்தனையையும் சுமந்துக்கிட்டுப் பாயணும். பெங்களூர்க்காரர் ஆஷிஷ் பல்லால் அப்படி ரெண்டு ஸ்ட்ரோக்கைத் தடுத்தார். 4-2. தங்கம் நமக்கு.

கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனே கட்கியில பொறந்த தமிழர். கோச் எம்.கே. கௌஷிக். நாடே கொண்டாடுச்சு. அடுத்து பாகிஸ்தானோட டெஸ்ட் தொடர். தன்ராஜ் இல்ல, பல்லால் இல்ல, இன்னும் சில சீனியர்களும் இல்ல. கௌஷிக்கும் பதவியில நீடிக்கல. கே.பி.எஸ். கில் தலைமையில இருந்த இந்திய ஹாக்கி ஃபெடரேஷன் சொன்ன காரணம், 'வீரர்கள் களைச்சுப் போயிருக்காங்க, ஓய்வு கொடுத்திருக்கோம்.' ஆனா ஆட்டக்காரங்களுக்குச் சரியான வசதி இல்ல, மேட்ச் ஃபீஸ் வரலன்னு தன்ராஜ் வெளிப்படையா பேசியிருந்தார். அதுக்குப் பழிவாங்கினதாத்தான் பலரும் பார்த்தாங்க. நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

தன்ராஜ் திரும்பி வந்தார், சிட்னி ஒலிம்பிக்ல ஆடினார், ஏதென்ஸ்லயும் ஆடினார். பல்லாலுக்கு சிட்னி வாய்ப்பு கிடைக்கல. அப்போ அவருக்கு முப்பது வயசுகூட முழுசா ஆகல. ஃபார்வர்டுக்கு வயசு ஏறினா வேகம் குறையும். கீப்பருக்கு வயசு ஏற ஏறத்தான் கண்ணு பழகும், அடிக்கிறவன் மட்டையைத் திருப்புறதை வெச்சே பந்து எந்தப் பக்கம் வரும்னு பிடிபடும். அந்த நேரத்துல அவரை விட்டது பெரிய தப்பு.

இதுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கு. 1966 ஆசியத் தங்கம், அதுவும் பாங்காக்தான். அந்த அணிக்கு கேப்டனே ஒரு கோல்கீப்பர், மௌவைச் சேர்ந்த ஷங்கர் லக்ஷ்மண். 1964 டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில பாகிஸ்தானை ஒரு கோல்கூட போட விடாதவர். 1968 மெக்சிகோவுக்கு அவரை எடுக்கல. அவர் ஹாக்கியையே விட்டுட்டார். இந்தியா அந்த ஒலிம்பிக்ல வெண்கலத்தோட திரும்புச்சு. கடைசியில அவர் வறுமையிலயும் நோயிலயும் 2006ல காலமானார். இதைப் படிக்கும்போது மனசு ஆறல.

இப்போ இதுக்கு நேர்மாறா நடந்த பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 4, காலிறுதி. பிரிட்டனோட 1-1, ஷூட்-அவுட்ல 4-2. பாங்காக்ல வந்த அதே கணக்கு! அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினதால பத்து பேரோட ஆடி ஜெயிச்ச மேட்ச் அது. கோல்ல நின்னவர் ஸ்ரீஜேஷ். பாரிஸ்தான் தன்னோட கடைசித் தொடர்னு ஜூலையிலயே அவர் அறிவிச்சிட்டார். ஆகஸ்ட் 8ஆம் தேதி ஸ்பெயினை 2-1ன்னு ஜெயிச்சு வெண்கலத்தோட, 36 வயசுல விடைபெற்றார். சீனியர் அணியில அவரோட 16ஆம் நம்பர் ஜெர்ஸியை இனி யாருக்கும் தர்றதில்லன்னு ஹாக்கி இந்தியா முடிவு பண்ணுச்சு. ஜூனியர் அணிக்கு அவரையே கோச் ஆக்கினாங்க.

அதுக்காக பிடிச்ச கீப்பரை எப்பவுமே விடக் கூடாதுன்னு சொல்லல. பாரிஸ் அணியில 16 பேர், அதுல கீப்பர் ஒருத்தர்தான். கிருஷன் பகதூர் பாதக்னு ஒரு நல்ல கீப்பர் ரிசர்வ்ல காத்திருந்தார். ஸ்ரீஜேஷ் விலகினதாலதான் முதல் கீப்பர் இடம் அவருக்குக் கிடைச்சது. 2025ல ராஜ்கீர்ல கொரியாவை 4-1ன்னு ஜெயிச்சு ஆசியக் கோப்பையைத் தூக்கினப்போ அந்த அணியில பாதக்கும் இருந்தார், சூரஜ் கர்கேராவும் இருந்தார். ஒருத்தரை அனுப்பறதுல தப்பில்ல. காரணத்தை மறைச்சு, மூஞ்சியைப் பார்த்துச் சொல்லாம அனுப்பினதுதான் தப்பு.

நம்ம ஊர் புதுச்சேரியிலயும் லே புதுச்சேரி ஹாக்கி பேர்ல பசங்களும் பொண்ணுங்களும் தேசியப் போட்டிகளுக்குப் போறாங்க. பள்ளியோ, கிளப்போ, மாநில அணியோ, தேர்வு பண்ற கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்கு முன்னாடி, விட்டுப்போன அந்தக் கீப்பரைத் தனியாக் கூப்பிட்டு, காரணத்தை நீங்களே சொல்லிடுங்க.