19 மில்லிமீட்டரின் இழுப்பு

1950-களில் அமெரிக்காவில் பிறந்த இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள்: ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்சன் லெஸ் பால். இரண்டிலும் ஒரே தந்திகளைப் பூட்டி, ஒரே சுருதி சேர்த்துத் தாருங்கள். பழகிய கை கண்ணை மூடிக்கொண்டே வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடும். லெஸ் பாலில் தந்தி விரலுக்கு இணங்கும். ஸ்ட்ராட்டில் சற்று முறைக்கும்.

காரணம் அதிர்நீளம். கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை தந்தி தடையின்றி அதிரும் தூரம் இது. வாசிப்பவர்கள் ஸ்கேல் லெங்த் என்பார்கள். ஃபெண்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் பெயரளவில் 24.75. வித்தியாசம் வெறும் 19 மி.மீ., ஒரு கட்டைவிரல் அகலம்.

நீளத்தில் 3 சதவீதம்தான் கூடுகிறது; இழுவிசையோ 6 சதவீதம் ஏறுகிறது. சுருதி மாறாமல் தந்தியை நீட்டினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடியாக வேண்டும். பிரெஞ்சுத் துறவி மரென் மெர்சென் 1636-இல் வெளியிட்ட தந்தி விதிகளிலிருந்து வரும் கணக்கு இது. 0.010 அங்குலத்தில் தொடங்கும் தந்தித் தொகுதியைப் பூட்டினால், ஸ்ட்ராட்டின் மெல்லிய தந்தி ஒன்றே ஏழு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. ஆறும் சேர்ந்தால் சுமார் 47 கிலோ! அந்த மெல்லிய தந்தியைச் சுண்டினால், அதிர்வு அதன் வழியே நொடிக்கு 427 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காற்றில் ஒலிக்கு அந்த வேகம் கிடையாது.

இடது கைக்கும் இதில் பங்குண்டு. நீளம் குறைந்தால் ஃப்ரெட் எனும் மெட்டுகளும் நெருங்கும். நட்டிலிருந்து நான்காம் மெட்டுக்குள்ள தூரம் கிப்சனில் 4 மி.மீ. குறைவு. சிறிய கைகளுக்கு அது பெரிய வரம். பிரிட்ஜ் பக்கம் போகப்போக, பெரிய விரல்களுக்கு அதுவே நெருக்கடி.

நீளத்தை மாற்ற முடியாது, தந்தியை மாற்றலாம். தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணுவார்கள். 9-இலிருந்து 10-க்குப் போனால் முதல் தந்தியின் இழுவிசை 23 சதவீதம் ஏறும். 19 மி.மீ. செய்வதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு! ஃபெண்டருக்கு 9, கிப்சனுக்கு 10 என்ற வழக்கம் இப்படித்தான் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கை உடம்பால் அறிந்தவர் பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி. 17 வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில் வலக்கை நடுவிரல், மோதிர விரல்களின் நுனியை இழந்தார். இடக்கை வாசிப்பாளரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திக்காக பான்ஜோ கம்பிகளைப் பூட்டினார். கையில் இருந்ததும் குட்டை நீளமுள்ள கிப்சன் எஸ்ஜி. 1971-இல் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். அது மட்டுமே இழுவிசையில் 29 சதவீதத்தைக் குறைத்துவிடும். விரலின் வலிக்குத் தேடிய தீர்வுகளிலிருந்து ஹெவி மெட்டலின் கனத்த ஒலி உருவானது என்பது என்னை இன்றும் மலைக்க வைக்கிறது.

சுருதி கீழே இறங்கினால் தடித்த தந்தி தொளதொளவென்று தளரும். இன்னும் தடித்தால் விறைத்து ஒலி மழுங்கும். அங்கே நீளம்தான் மருந்து. பாரிடோன் கிட்டார் 27 அங்குலத்தையும் தாண்டுகிறது. பேஸ் கிட்டார் பொதுவாக 34.

அப்படியானால் ஆறு தந்திக்கும் எதற்கு ஒரே நீளம்? அமெரிக்கக் கைவினைஞர் ரால்ஃப் நோவாக் 1989-இல் பெற்ற காப்புரிமையில், மெட்டுகள் விசிறிபோல் சாய்ந்து நிற்கின்றன. தடித்த தந்திக்கு அதிக நீளம், மெல்லியதற்குக் குறைவு. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்ஃபேரியன் என்ற தந்திவாத்தியத்திலும் மெட்டுகளை இப்படிச் சாய்த்துப் பதித்திருந்தார்கள்.