ராலி எஸ்கார்ட்டும் அதன் ஷாக் அப்சார்பரும்

ஃபோர்டு நிறுவனம் 1968-இல் ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய எஸ்கார்ட் கார், 1970-இல் லண்டனிலிருந்து மெக்சிகோ வரை 25,000 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்ட உலகக் கோப்பை ராலியையும் 1972-இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியையும் வென்றது; இரண்டு முறையும் அதை ஓட்டியவர்கள் ஹன்னு மிக்கோலாவும் குன்னார் பாமும். அந்த வெற்றிகளின் வழியே புகழ்பெற்ற எஸ்கார்ட்டைப் பழுதுநீக்கி மீட்டெடுத்து, பழைய கார்களுக்கென நடைபெறும் ராலிகளில் இன்றும் ஓட்டுகிறார்கள். அத்தகைய காரைப் பற்றிய பேச்சில் எஞ்சினின் குதிரைத்திறனே முதலிடம் பெற்றாலும், சரளையும் குழியும் நிறைந்த பாதையில் அந்தத் திறனைத் தரையில் பதியச் செய்வது, சக்கரத்தை மண்ணைவிட்டு எழாமல் காக்கும் ஷாக் அப்சார்பர்தான்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. மேட்டில் ஏறும்போது அமுங்கி ஆற்றலைச் சேமிக்கும் ஸ்பிரிங், அதே ஆற்றலைத் திருப்பித் தருவதால், தடுக்க ஒன்றும் இல்லையெனில் கார் நெடுநேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டனை நகரவிட்டு, அதிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெயைப் பிதுக்கி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே ஷாக் அப்சார்பர் செய்யும் பணி. அது தரும் எதிர்விசை, பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையே சார்ந்தது. ஆகவே ஸ்பிரிங் தளர்ந்து தாழ்ந்துபோன காரை, கடினமான ஷாக் அப்சார்பர் மாட்டி நிமிர்த்திவிட முடியாது.

எவ்வளவு கடினம் தேவை என்பதைக் கணக்கிட்டே அறியலாம். சக்கரம் ஒன்றின் மேல் 250 கிலோ எடையும், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங்கும் இருப்பதாகக் கொண்டால், கார் ஒருமுறைகூடத் துள்ளாமல் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு, பிஸ்டன் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரும்போது 5,000 நியூட்டன் எதிர்விசை வேண்டும். இந்த அளவை மாறுநிலைத் தணிப்பு என்பர். சாலைக் கார்களில் பயணச் சொகுசு கருதி ஏறத்தாழ இதில் நான்கில் ஒரு பங்கே வைக்கப்படுகிறது. ராலிக் கார்களுக்கு அதைவிடக் கூடுதலாக, பெரும்பாலும் பாதியளவோ சற்று மேலோ தேவைப்படுகிறது. ஸ்பிரிங்கின் கடினத்தை இரட்டிப்பாக்கினால் மாறுநிலைத் தணிப்பும் சுமார் 41 சதவீதம் உயர்ந்துவிடும் என்பதால், ஸ்பிரிங்கை முடிவுசெய்யும் முன் ஷாக் அப்சார்பர் வாங்குவது வீண் செலவு.

சக்கரம் மேலேறும்போது எழும் அமுங்கு தடையும், அது கீழிறங்கும்போது எழும் மீள் தடையும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. பொதுவாக மீள் தடையே அதிகம். இதை அளவுக்கு மீறி இறுக்குவதுதான் சரளைப் பாதையில் நேரும் பெரும் பிழை. அடுத்தடுத்து மேடுகள் வரும்போது, முதல் மேட்டில் ஏறிய சக்கரம் முழுவதும் கீழிறங்குவதற்குள் இரண்டாம் மேடு வந்து அதை மேலும் உயர்த்த, கார் படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் ஸ்பிரிங்கிற்கு அசையவே இடமின்றி ரப்பர் தடுப்பில் மோதுகிறது. ஓட்டுநருக்கு இது ஷாக் அப்சார்பர் மென்மையாக இருப்பதுபோலவே தோன்றுவதால், அவர் அதை இன்னும் இறுக்கிக் கேட்டைப் பெருக்கிக்கொள்ளவும் கூடும்.

அமைப்பிலும் தேர்வு உண்டு. ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் கொண்ட வகையில் எண்ணெயோடு காற்றும் ஒரே அறையில் இருப்பதால், விடாத குலுக்கலில் இரண்டும் கலந்து நுரைத்து, தடை குன்றுகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் உருவாக்க, ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1950-களில் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காகத் தயாரிக்கத் தொடங்கிய ஒற்றைக் குழாய் வகையில், மிதக்கும் மற்றொரு பிஸ்டன் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைக்கிறது. அந்த அழுத்தம் நுரையைத் தடுக்க, எண்ணெயின் வெப்பமும் குழாய்ச் சுவர் வழியே நேராகக் காற்றுக்குப் போய்விடுகிறது. ஆனால் தெறித்த கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பதால், இதற்குக் காப்புறை அவசியம்.

பொருத்தும் கோணத்தையும் கவனிக்க வேண்டும். தொடக்கக்கால எஸ்கார்ட்டில் பின்புற ஷாக் அப்சார்பர்கள் சாய்ந்திருந்தன. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் அவற்றின் பயனில் நான்கில் மூன்று பங்கும், 45 பாகை சாய்ந்தால் பாதியும் மட்டுமே கிடைக்கும். ராலிக்கென அமைக்கப்பட்ட எஸ்கார்ட்டுகளில் காரின் தளத்துக்கு மேல் உயர்ந்த கூடுகளை எழுப்பி, ஷாக் அப்சார்பர்களை நிமிர்த்திப் பொருத்தியதன் காரணம் இதுவே.

பழைய கார்களுக்கான பன்னாட்டு விதிகள் அந்தந்தக் காலத்து அமைப்பையே கோருவதால், நவீனக் கருவிகள் பலவற்றைப் போட்டியில் பயன்படுத்த இயலாது. சரளையில் ஓடும் எஸ்கார்ட்டுக்கு, விதி இடந்தரும் வரை, பிரித்துப் பழுதுபார்க்கத்தக்க ஒற்றைக் குழாய் வகையே ஏற்றது. வாங்குவோர் விற்பனையாளரிடம் மென்மையா கடினமா என்று கேட்பதோடு நில்லாமல், வேகத்துக்கேற்ப விசை மாறுவதைக் காட்டும் சோதனை வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.