மூக்கு ஆபரேஷன் செய்யலாமா? முகூர்த்த தேதி குறிக்கும் முன் இதை படிங்க!

கடலூர்:

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். தேவநாத சுவாமி கோவில் பக்கமும், எதிரே ஔஷதகிரி மலையிலும், சுற்றி இருக்கும் மண்டபங்களிலும் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். ஒரு ஜோடி இறங்கும்போதே அடுத்த ஜோடி படியேறிக் கொண்டிருக்கும். வேன், ஆட்டோ, மாலை வியாபாரிகள், வீடியோக்காரர்கள் என்று ஊரே திணறும்.

இத்தனை மணப்பெண்களை ஒரே இடத்தில் பார்க்கும் நம்ம ஜனங்க சும்மா இருப்பாங்களா? பந்தியில் உட்கார்ந்ததுமே மார்க் போட ஆரம்பித்து விடுவார்கள். "பொண்ணு மூக்கும் முழியுமா இருக்கா" என்றால் பாஸ். "கலர் நல்லாத்தான் இருக்கு, மூக்குதான் கொஞ்சம்..." என்று இழுத்தால் முடிந்தது கதை. மாப்பிள்ளையையும் விடுவதில்லை. சப்பை மூக்கு, கிளி மூக்கு, குடமிளகாய் மூக்கு என்று பட்டப்பெயர் ரெடியாக இருக்கும். மலை மேலே குதிரை முகத்தோடு இருக்கும் ஹயக்ரீவரை கையெடுத்து கும்பிட்டுவிட்டு வந்து, கீழே மனுஷ மூக்குக்கு குறை சொல்வது நம்ம ஊரில்தான் நடக்கும்!

இந்த பேச்சுக்கு பயந்து "மூக்கை ஆபரேஷன் பண்ணி சரி செஞ்சுக்கலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது சினிமாக்காரர்கள் மட்டும் இல்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண், கல்லூரி மாணவர், வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு பெண் பார்க்க வந்திருக்கும் பையன் என்று பலர் யோசிக்கிறார்கள். செல்போனை திறந்தால் "வலி இல்லை, தழும்பு இல்லை, தவணை வசதி உண்டு" என்று விளம்பரம் வேறு. அது எந்த அளவுக்கு உண்மை?

என்னதான் செய்கிறார்கள்?

மூக்கின் மேல் பாகம் எலும்பு. கீழ்ப்பாகம் முழுக்க குருத்தெலும்பு. காது மடலை மடக்கினால் மடங்குகிறதே, அந்த மாதிரி. உள்ளே நடுவில் ஒரு சுவர் இரண்டு துவாரத்தையும் பிரிக்கிறது. ஆபரேஷனில் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, மூக்கு துவாரத்துக்குள் கீறி, அல்லது இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தண்டிலும் சேர்த்து கீறி, தோலை தூக்கி உள்ளே வேலை செய்கிறார்கள்.

மேடு இருந்தால் சீவுவார்கள். அகலமாக இருந்தால் பக்கத்து எலும்பை உடைத்து நெருக்கி வைப்பார்கள். ஆமாம், உடைத்துத்தான்! மூக்கு தட்டையாக இருந்தால் நடுச்சுவரில் இருந்தோ, காதில் இருந்தோ, விலா எலும்பில் இருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைத்து உயர்த்துவார்கள். சில இடங்களில் சிலிக்கான் வைப்பதும் உண்டு. ஆனால் அது வெளியாள் மாதிரி. பல வருஷம் கழித்து கூட சீழ் பிடிக்கலாம், தோலை பிய்த்துக் கொண்டு வெளியே வரலாம்.

தடித்த தோல் உள்ளவர்களுக்கு உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் வெளியே அவ்வளவாக தெரியாது. நம் பக்கத்தில் பலருக்கும் அந்த தோல்தான். நடிகை போட்டோவை காட்டி "இதே மாதிரி வேணும்" என்றால் கிடைக்காது. காது குத்திய இடத்தில் உருண்டையாக தழும்பு தடித்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட உடம்புக்கு கீறிய இடத்திலும் தடிக்க வாய்ப்பு உண்டு.

நம்ம நாட்டு வைத்தியம்

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்தால் தப்பு. அறுபட்ட மூக்கை தோல் வைத்து ஒட்டும் முறை சுஸ்ருதர் எழுதிய பழைய மருத்துவ நூலிலேயே இருக்கிறது. அந்த காலத்தில் மூக்கை அறுப்பது ஒரு தண்டனை. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர் படை நம் பக்கம் புகுந்து ஜனங்களின் மூக்கை அறுத்ததால் அந்த சண்டைக்கே மூக்கறுப்புப் போர் என்று பெயர். இன்றைக்கும் அவமானப்பட்டால் "மூக்கறுபட்டு வந்தான்" என்றுதானே சொல்கிறோம்!

1792-ல் முடிந்த மைசூர் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. திப்பு சுல்தான் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு புனே பக்கம் குயவர் ஒருவர் மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு மாதிரி செய்து, அதை நெற்றியில் விரித்து அளவெடுத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்து கீழே திருப்பி ஒட்டினார். இந்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளியானது. அதை படித்த கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் 1814-ல் அங்கே அதே மாதிரி செய்து காட்டினார். நெற்றித் தோலை வைத்து மூக்கு கட்டும் முறைக்கு இன்றும் உலகம் முழுக்க "இந்திய முறை" என்றுதான் பெயர்.

கவாஸ்ஜிக்கு மூக்கே இல்லை. ஆபரேஷன் செய்தால் லாபம்தான். நன்றாக மூச்சு விட்டுக் கொண்டிருக்கும் மூக்கை அறுப்பது வேறு கணக்கு.

நடிகைக்கு நடந்தது

பிரியங்கா சோப்ராவை தெரியாதவர்கள் இருக்க முடியாது. 2000-ம் ஆண்டு உலக அழகி. 2002-ல் விஜய்யுடன் "தமிழன்" படத்தில் நடித்தவர். உலக அழகி பட்டம் வாங்கிய பிறகு சளி விடாமல் தொல்லை கொடுக்க, மூக்குக்குள் சதை வளர்ந்திருப்பது தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். அதில் தவறு நடந்து மூக்கின் நடுத்தண்டே உட்கார்ந்து விட்டது. முகமே மாறிப்போனது. சினிமா வாய்ப்புகள் கைநழுவின. ஊர் வாயில் விழுந்தார். பிறகு சரி செய்யும் ஆபரேஷன் செய்து கொண்டு மீண்டு வந்தார். இதையெல்லாம் 2021-ல் வெளியான தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

கவனியுங்கள், அவர் போனது அழகுக்காக அல்ல, சளித் தொல்லைக்காக. பணம் இருந்தது, அப்பா அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள். அவருக்கே இந்த நிலை.

மூக்கு ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டி வருகிறது என்பது மருத்துவ உலகில் பொதுவாக சொல்லும் கணக்கு. ரத்தப்போக்கு, சீழ், கோணல், நடுச்சுவரில் ஓட்டை, முன்னைவிட மூச்சு திணறல் எல்லாம் வரக்கூடியவை. இரண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷனை விட கஷ்டம்.

செல்பி சொல்லும் பொய்

இன்னொரு விஷயம். "போட்டோவில் என் மூக்கு பெருசா தெரியுது" என்று அழுபவர்கள் அந்த போட்டோவை யார் எடுத்தது என்று பாருங்கள். செல்பியாக இருந்தால் நம்பாதீர்கள். கேமராவுக்கு பக்கத்தில் இருப்பது பெரிதாக தெரியும். முகத்தில் முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பது மூக்குதானே! ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்பியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாக தெரிகிறது என்று 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 5 அடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும். ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்த செலவில்லாத சோதனையை செய்து பார்க்கலாம்.

ஆவணியில் கல்யாணம், ஆனியில் ஆபரேஷனா?

நம்ம ஊரில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். தேதி குறித்த பிறகு ஓடுவது. ஆபரேஷன் முடிந்ததும் மூக்கின் மேல் ஒரு வாரம் கட்டு இருக்கும். கண்ணை சுற்றி கருநீலமாக கன்றிப் போய் அடி வாங்கியவர் மாதிரி இருக்கும். அது வடிய 2 வாரம். பெரிய வீக்கம் சில வாரங்களில் குறையும். ஆனால் மூக்கு நுனியில் இருக்கும் வீக்கம் முழுதாக வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும்!

அதுவரை அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களுக்கு கனமான மூக்குக்கண்ணாடி கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கட்டட வேலை, மீன்பிடி தொழில், மூட்டை தூக்கும் வேலை பார்ப்பவர்கள் எத்தனை நாள் சம்பளம் போகும் என்று கணக்கு போட வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு காயம் ஆற நாளாகும். மூக்குத்தியை ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். திரும்ப எப்போது போடலாம் என்பது டாக்டர் சொன்னபடிதான். மணமேடையில் மூக்குத்தி இல்லாமல் நிற்க மாமியார் சம்மதிப்பாரா என்பது தனி பிரச்சினை.

தனியாரில் செலவு இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோதான் வரும். அழகுக்காக செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீட்டில் பைசா கிடைக்காது. நகையை அடகு வைத்து, குழுவில் கடன் வாங்கி செய்தால், மூக்கு வீக்கம் வடிந்த பிறகும் வட்டி வடியாது.

ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டே மூக்கை நிமிர்த்துகிறோம் என்று பியூட்டி பார்லரில் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுங்கள். அந்த மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் அழுகிவிடும். கண் பார்வையே போனவர்களும் உலகில் உண்டு. முகத்தில் ஊசி போட மிக ஆபத்தான இடங்களில் ஒன்று மூக்கு. ஆன்லைனில் விற்கும் மூக்கு கிளிப்பால் ஆபத்து குறைவு, பலன் ஒன்றும் இல்லை.

யார் கட்டாயம் போக வேண்டும்?

அப்படியானால் மூக்கு பக்கமே போகக் கூடாதா என்றால் அதுவும் இல்லை. ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு, ராத்திரியில் வாயால் மூச்சு, அடிக்கடி மூக்கடைப்பு என்று இருந்தால் உள்ளே நடுச்சுவர் வளைந்திருக்கலாம். இது அழகு இல்லை, ஆரோக்கியம். காது மூக்கு தொண்டை பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. அங்கும் காட்டலாம். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு என்றால் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். சென்னையில் ராஜீவ்காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிகள். பிளவு உதட்டோடு பிறந்த குழந்தை, விபத்தில் மூக்கு சிதைந்தவர், தீக்காயம் பட்டவர் ஆகியோர் கூச்சப்படாமல் போக வேண்டிய இடம் இவை.

பைக்கில் விழுந்தோ, கபடியிலோ மூக்கு உடைந்தால் நாள் கடத்தக் கூடாது. ஒன்று, இரண்டு வாரத்துக்குள் போனால் பெரும்பாலும் எலும்பை கையாலேயே நிமிர்த்தி விடுவார்கள். விட்டால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும், பிறகு பெரிய ஆபரேஷன்தான். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டிவிடும். அடிபட்ட பிறகு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வலி கூடினால் அன்றைக்கே போங்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை உடனே எடுக்காவிட்டால் குருத்தெலும்பு செத்து மூக்கு உள்வாங்கிவிடும். நாட்டு மருந்து தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் சப்பை மூக்கை நாமே உண்டாக்கிய மாதிரி.

யாருக்காக?

சரி, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆனாலும் மூக்கு பிடிக்கவில்லை. சின்ன வயசில் இருந்தே கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. வயசு 18 தாண்டிவிட்டது, சொந்தப் பணம் இருக்கிறது, எவரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் செய்து கொள்வதை குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல பேருக்கு நல்லபடியாகவே முடிகிறது.

ஆனால் புரோக்கர் சொன்னார், மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள், இரண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு என்பதற்காக பெண்ணை ஆபரேஷன் டேபிளில் படுக்க வைப்பது அநியாயம். மூக்கை காரணம் சொன்னவர்கள் நாளைக்கு பல்லை சொல்வார்கள், அப்புறம் சவரனை சொல்வார்கள். அடுத்தவர் கண்ணுக்கு தெரியாத குறையை நாள் முழுக்க நினைத்து வெளியே வராமல் இருப்பவர்களும் உண்டு. அது மனசு சம்பந்தப்பட்ட வியாதி. எத்தனை ஆபரேஷன் செய்தாலும் தீராது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மனநல டாக்டரை.

செய்வது என்று முடிவெடுத்தவர்கள், பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது காது மூக்கு தொண்டை மேற்படிப்பு படித்த டாக்டர்தானா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும் வரை கூடவே இருப்பாரா, அவசரத்துக்கு தீவிர சிகிச்சை பிரிவு உண்டா, சரியாக வராமல் இரண்டாவது முறை செய்தால் பணம் யார் கட்டுவது என்று வாய் திறந்து கேளுங்கள். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்கு போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். அது நடந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, அழகு நிலையத்தில். டாக்டருக்கு படிக்கும் பையனே அதை விசாரிக்காமல் போயிருக்கிறார்.